உலர்ந்தது என்று எழுதிய கை

மேற்கு மின்தேக்க நிலையம், நிலவு
பதிவு செய்பவர்: ப. தையல்நாயகி, வேதியியலாளர்

நிலைய நாள் 402, 07:10

தேக்கி ஒன்று: நிறைவு 98 சதவீதம், வெப்பம் சரி. தேக்கி இரண்டு: பழுதுபார்த்து முடிந்தது, கசிவுச் சோதனையில் தேறியது, இன்னும் நிறைக்கவில்லை. அறைக்காற்றின் ஈரப்பதம் 41. சூரியன் மறைய ஆறு நாள்.

இதைப் படிக்கப்போவது யார் என்று தெரியாது. வேதியியல் தெரியாதவராக இருந்தால் உங்களுக்காக நாலு வரி. இங்கே பகல் பதினாலே முக்கால் நாள், இரவும் அதே அளவு. பகலில் தகடுகள் பிடிக்கும் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்துவைக்கும் பாத்திரங்கள்தான் தேக்கிகள். அவற்றுக்குள் இருப்பது அயனித் திரவம். உப்புதான், ஆனால் அறை வெப்பத்திலேயே உருகிக் கிடக்கும் உப்பு. பார்க்க விளக்கெண்ணெய் மாதிரி இருக்கும். தீப்பிடிக்காது. காற்றே இல்லாத வெளியில் திறந்துவைத்தாலும் ஆவியாகிப் போகாது. சாதாரணக் கரைசல்கள் சிதைந்துபோகும் மின்னழுத்தத்தை அசையாமல் தாங்கும். நிலவுக்கென்றே செய்தது போல ஒரு பொருள்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தண்ணீரைக் குடிக்கும். காற்றில் இருக்கும் ஈரத்தை, நாம் விடும் மூச்சின் ஈரத்தைக்கூட, சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொள்ளும். பத்து லட்சத்தில் இருபது பங்கு வரை தண்ணீர் இருக்கலாம். நாங்கள் இருபது பிபிஎம் என்போம். அதற்கு மேல் போனால், சூடும் மின்னழுத்தமும் சேர்ந்து அதை உடைத்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு ஆக்கும். அது கண்ணாடியை அரிக்கும். நுரையீரலையும் அரிக்கும்.

கையிருப்பு இரண்டு. ஒன்று, கலன் ஆ: பத்து லிட்டர், நானே உலர்த்தி மூடி "உலர்ந்தது, தையல்நாயகி" என்று லேபிள் ஒட்டியது. மற்றது, நான்காம் எண் டப்பா: பூமியில் முத்திரை வைத்தபடி பத்து லிட்டர். அதை நான் தொடுவதில்லை. காரணம் பிறகு.

மேசைக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருக்கிறது. போன ஆயுத பூஜை அன்று எடுத்தது. உலர்கலன்கள், பம்பு, தேக்கி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, நடுவில் நானும் என் கணவர் பரஞ்சோதியும் நிற்கிறோம். அன்று எல்லாவற்றுக்கும் விடுமுறை. நிலையத்தில் ஒரு சத்தம் இல்லை, அவர் வாயிலேயே மத்தளம் வாசித்துக் காட்டினார். அதற்குப் பதினோராம் நாள் அவர் இறந்தார்.

நாள் 402, 18:30

கிழக்கு நிலையத்திலிருந்து செய்தி. அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அது. அங்கேயும் ஆள் ஒன்றுதான். பெயர் நெல்லையப்பன்.

> "மதினி, நெல்லையப்பன் பேசுதேன். மத்தியானம் கல்லு ஒண்ணு வந்து தேக்கியத் தொளச்சிட்டு. நாலு அறை காலி. எட்டு லிட்டர் வெளிய மண்ணுல கெடக்கு, ஆவியாவும் போகல, அள்ளவும் முடியல. மிச்சத்த வச்சு எட்டு நாள் ஓட்டலாம், அதுக்கு மேல இல்ல. ஒங்ககிட்ட இருந்தா குடுங்க மதினி."

மதினி. அந்தச் சொல் காதில் விழுந்தாலே வயிறு எரிகிறது.

எழுதிவிடுகிறேன், இனி மறைக்க என்ன இருக்கிறது. இவன் என் கணவரின் உயிர் நண்பன். எங்கள் வீட்டில் பால் காய்ச்சியபோது அடுப்பைப் பற்றவைத்தவன். அப்போதெல்லாம் நான் இவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். பூமியில் திரவம் நிரப்பும் கூடத்துக்கு அப்போது இவன்தான் பொறுப்பு. எங்களுக்கு வந்த மூன்றாம் எண் டப்பாவில் "நீர் 12 பிபிஎம், சோதித்தது: நெல்லையப்பன்" என்று கையெழுத்திட்டு அனுப்பினான். அந்த டப்பாவைத்தான் கலன் அ-வில் ஊற்றி, பம்பில் உலர்த்தி, தேக்கி இரண்டில் நிறைத்தோம். நிறைத்த ஒன்பதாம் நாள், பார்வைக் கண்ணாடி குளியலறை ஜன்னல் மாதிரி வெளுத்துப்போனது. பரஞ்சோதி என்னவென்று பார்க்கப் பலகையைத் திறந்தார்.

அந்த வாயு பட்டு உயிர் போக ஐந்து மணி நேரம் ஆயிற்று. கையிருப்பில் இருந்த கால்சியம் களிம்பு முழுவதையும் பூசினேன். நெஞ்சுக்குள் பூச முடியாதே. வாயில் தண்ணீர் விட்டால் அது கூட எரிந்தது அவருக்கு. அவர் கண்ணை மூடியபோது, இதற்குக் காரணமான கையைச் சும்மா விடமாட்டேன் என்று அவர் காதில் சொன்னேன்.

தேக்கியில் மிஞ்சியதைச் சோதித்தேன். 2,100 பிபிஎம். நம்ப முடியாமல் ஒன்பது முறை சோதித்தேன். சோதனைக் குப்பிகள் அப்படித்தான் தீர்ந்தன, இப்போது ஒன்று மிச்சம். விசாரணைக் குழு "காரணம் தெளிவாகவில்லை" என்று பூசி மெழுகிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. ஆனால் விசாரணையில் ஒன்று வெளியே வந்தது. அன்று ஒரே பிற்பகலில் அவன் பதினொரு லேபிளில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஒரு சோதனைக்கு நாற்பது நிமிடம் ஆகும். கணக்கு வராதே என்று கேட்டேன். எல்லாம் ஒரே பீப்பாய், பீப்பாயைச் சோதித்தோம் என்றான். நல்ல கதை.

அதற்குப் பிறகு அவனைத் தண்டிப்பார்கள் என்று பார்த்தால், நிலவுக்கே அனுப்பிவிட்டார்கள். அவனாகவே கேட்டு வந்தானாம்.

நாள் 403, 06:00

தரைக்கட்டுப்பாடு சொல்கிறது: கப்பல் வர முப்பது நாள் ஆகும். இருப்பதைப் பகிர்ந்துகொள்ளுங்கள். எப்படிப் பகிர்வது என்பது தையல்நாயகியின் முடிவு.

என் முடிவு. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

என் நிலைமை இது. தேக்கி ஒன்று மட்டும் இருந்தால் ஒன்பது நாள் தாங்கும். தேக்கி இரண்டில் ஏழு அறை, ஐந்து நிறைந்தால் இன்னும் ஆறு நாள். இரண்டும் சேர்ந்தால்தான் இரவு கடக்கும். இதுவரை மூன்று இரவுகளை அவசர மின்கலத்தை வைத்து ஒப்பேற்றினேன், அது தீர்ந்துவிட்டது. ஆக எனக்குப் பத்து லிட்டர் வேண்டும். அவனுக்கு எட்டு வேண்டும். என்னிடம் இரண்டு பாத்திரம். ஆளுக்கு ஒன்று.

எது யாருக்கு என்பதில் எனக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் இல்லை.

நாள் 403, 11:45

கலன் ஆ-விலிருந்து தேக்கி இரண்டில் ஐந்து அறைகளையும் நிறைத்தேன். ஆறும் ஏழும் காலியாக இருக்கின்றன. மின்னேற்றம் தொடங்கிவிட்டது, இருபது மணி நேரத்தில் நிறையும்.

நீர்ச் சோதனை செய்யவில்லை. இருப்பது ஒரு குப்பி, அதற்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். தவிர, இது என் கையால் உலர்த்தியது. இரண்டு நாள், எண்பது டிகிரி, வெற்றிடம். என் வேலையை நானே சந்தேகப்பட்டால் இங்கே உட்கார்ந்திருப்பதில் அர்த்தம் இல்லை.

நாள் 403, 15:20

சரக்கு வண்டி புறப்பட்டது. அது ஆள் ஏற முடியாத, தானே உருளும் ஆறு சக்கரத் தட்டு. மணிக்கு நாலு கிலோமீட்டர்கூடத் தேறாது. அந்த வேகத்துக்காகவே பரஞ்சோதி அதற்கு ரேக்ளா என்று பந்தய வண்டியின் பெயரை வைத்தார்.

வண்டியில் இரண்டு பொருள். ஒன்று, நான்காம் எண் டப்பா. மூன்றாம் எண்ணோடு பிறந்தது. அதே பிற்பகல், அதே கையெழுத்து, அதே "12". உள்ளே என்ன இருக்கும் என்று ஒன்பது முறை சோதித்த எனக்குத் தெரியும்.

இரண்டாவது, சோதனைப் பெட்டி, அந்தக் கடைசிக் குப்பியுடன்.

படிப்பவர் என்னைக் கொலைகாரி என்று நினைப்பதற்கு முன் இதைக் கவனிக்கவேண்டும். அவன் எங்களுக்குச் செய்ததை அப்படியே அவனுக்குச் செய்கிறேன், ஒரு பிடி கூடக் கூட்டவில்லை. அவன் போட்ட கையெழுத்தை அவனிடமே திருப்பி அனுப்புகிறேன். கூடவே, அவன் எங்களுக்குத் தராத ஒன்றையும் தருகிறேன். நாற்பது நிமிடம் உட்கார்ந்து சோதித்தால் பிழைப்பான். தன் கையெழுத்தை நம்பி ஊற்றினால் போவான். நான் எதுவும் செய்யவில்லை. அவன் எப்படிப்பட்டவனோ அப்படியே இருக்க விடுகிறேன்.

இன்று இரண்டு தட்டு உப்புமா சாப்பிட்டேன். நூறு நாளைக்கு அப்புறம் பசித்தது.

நாள் 404, 09:20

வண்டி கிழக்கே போய்ச் சேர்ந்தது.

> "வந்துட்டு மதினி. பெரிய உபகாரம். சோதனைப் பெட்டியும் வச்சிருக்கீய. ஒங்ககிட்ட வேற குப்பி இருக்கா? இல்ல இது ஒண்ணுதானா?"

இருக்கிறது என்றேன். பொய். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்தது.

> "சரி. டப்பா நம்ம கூடத்து டப்பா. பிரிக்காத முத்திரை. இத டெஸ்ட் பண்ணணுமா, நேரா ஊத்திரவா? நீங்க சொன்னாச் சரி மதினி."

என்னைக் கேட்கிறான். என்னையே கேட்கிறான்.

பரஞ்சோதி தண்ணீரைத் துப்பியது கண் முன்னால் வந்தது. பேசும் பொத்தானை அழுத்தினேன். நான் சொன்னது நிலைய ஒலிப்பதிவில் இருக்கும், இங்கேயும் எழுதுகிறேன்:

> "நெல்லையப்பன், லேபிள்ல உங்க கையெழுத்துதானே இருக்கு. என்னை ஏன் கேக்குறீங்க?"

சரி மதினி என்றான். இணைப்பு நின்றது.

நாள் 404, 09:31

ஒன்றும் வரவில்லை.

நாள் 404, 09:44

ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் போதும். ஊற்றியிருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பான். முடிந்தது மதினி என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொல்வான்.

நாள் 404, 09:52

இப்போதுகூடச் சொல்லிவிடலாம். ஊற்றாதே என்று ஒரு சொல். பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

சொல்லவில்லை. எங்களுக்கு யார் சொன்னார்கள்?

நாள் 404, 10:08

> "மதினி, டெஸ்ட் பண்ணிட்டேன். 12 பிபிஎம். லேபிள்ல போட்டிருக்கிறதேதான். ஊத்தப் போறேன்."

நாள் 404, 10:30

பொய் சொல்கிறான். சோதிக்காமலே லேபிளைப் பார்த்துப் படிக்கிறான். பிறவிக் குணம் எங்கே போகும்.

படம் அனுப்பு என்றேன். அனுப்பினான். சோதனைப் பெட்டியின் திரை, நேரம், தீர்ந்துபோன குப்பி. 12.

நாள் 404, 10:50

ஒரு டப்பா நல்லதாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். பதினொன்றில் ஒன்று. கெட்டவர்கள் பக்கம்தான் எப்போதும் அதிர்ஷ்டம் நிற்கும். நானே என் கையால் அவனுக்கு இன்னொரு இரவைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன். நினைத்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுபடியும் பேசினான்:

> "மதினி, கோவப்படாம கேளுங்க. மூணும் நாலும் ஒரே பீப்பாய். நாலுல பன்னெண்டுன்னா மூணுலயும் பன்னெண்டுதான் இருந்திருக்கும். அப்போ தண்ணி அங்க வச்சுத்தான் ஏறியிருக்கு. அதக் கண்டுபிடிக்கத்தான் நான் இங்க வந்ததே. நீங்க ஒங்க..."

அணைத்துவிட்டேன். அங்கே வைத்து. அதாவது எங்கள் வீட்டில், எங்கள் கையால். செத்தவர் தலையிலேயே பழியைக் கட்டப் பார்க்கிறான். கிழக்கு நிலைய அலைவரிசையை முழுவதுமாக மூடினேன். அவன் குரல் இனி இந்த அறைக்குள் வராது.

நாள் 405, 08:00

தேக்கி ஒன்று 100. தேக்கி இரண்டு 100. பார்வைக் கண்ணாடிகள் தெளிவு. சூரியன் மறைய மூன்று நாள்.

தரைக்கட்டுப்பாடு எழுத்தில் கேட்கிறது: தேக்கி இரண்டில் நீர் அளவு என்ன, உடனே தெரிவிக்கவும். அவன் மூட்டிவிட்ட வேலை இது. தோண்டித் துருவச் சொல்லியிருக்கிறான்.

10 என்று எழுதி அனுப்பினேன். அளக்கக் குப்பி இல்லைதான். ஆனால் நான் உலர்த்தியது பத்துக்கு மேல் போக வழியில்லை. பன்னிரண்டைவிடக் குறைவாக ஒரு எண் போடவேண்டும் என்றும் தோன்றியது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாள் 406, 19:00

எல்லாம் சரி. வேலை இல்லை. பூமியிடம் ஒரு மனு எழுதத் தொடங்கினேன், அவனைத் திரும்ப அழைக்கவேண்டும், விசாரணையை மறுபடி திறக்கவேண்டும் என்று. பதினாலு பக்கம் வந்தது. சரளமாக வந்தது.

நாள் 408, 08:15

சூரியன் மறைந்தது. வெளிக் கேமராக்களை அணைத்தேன். இரவு விதிப்படி அனைத்து மின்சேமிப்பு முறைகளும் இயங்குகின்றன.

நாள் 411, 10:40

தேக்கி இரண்டு, மூன்றாம் அறை. பார்வைக் கண்ணாடியில் ஒரு மங்கல்.

அறைக்குளிரில் பனி படிந்திருக்கும். துணியால் துடைத்தேன்.

நாள் 411, 10:55

ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். போகவில்லை.

நாள் 411, 11:20

மங்கல் உள்பக்கம். ஐந்து கண்ணாடியிலும் இருக்கிறது. ஒரே மாதிரி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. இதை நான் முன்பு பார்த்திருக்கிறேன்.

தேக்கி இரண்டைத் துண்டித்தேன். வால்வுகளை மூடினேன், காற்றுத் தடுப்பை இறக்கினேன். பலகையைத் திறக்கவில்லை. திறக்கமாட்டேன்.

நாள் 411, 12:30

என் கையால் உலர்த்தியது. அவன் தொடாதது. வேறு கூடம், வேறு பீப்பாய், வேறு கையெழுத்து. இதில் எப்படி?

கலன் அ, கலன் ஆ. இரண்டுக்கும் பொதுவாக ஒன்றுதான் இருக்கிறது. பம்பு.

நாள் 411, 13:05

பம்பில் ஓடிய மணியை நாள்வாரியாகக் காட்டும் கடிகாரம் உண்டு. யாரும் பார்ப்பதில்லை. பார்த்தேன். உலர்த்தத் தொடங்கிய நேரத்துக்கும் முடித்த நேரத்துக்கும் இடையே ஓடியிருக்கவேண்டியது நாற்பத்தெட்டு மணி. ஓடியது இருபத்திரண்டு.

இருபத்தாறு மணி நேரம் நின்றிருக்கிறது.

ஆயுத பூஜை.

இயந்திரங்களுக்கு ஓய்வு. பம்புக்கும் ஓய்வு கொடுக்கலாம் என்றது நான். அவர் தயங்கினார். உலர்த்தல் பாதியில் நிற்குமே, தையல் என்றார். ஊரில் லேத்து மிஷினையே நிறுத்துகிறார்கள், ஒரு நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று நான்தான் பொத்தானை அமுக்கினேன். பொத்தான் மேலேயே சந்தனம் வைத்தேன். கலன் வால்வுகளை மூடவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. நின்ற பம்பு வழியாக அறைக்காற்று இரண்டு கலனுக்குள்ளும் போயிருக்கிறது. நாங்கள் சமைத்த சுண்டலின் ஆவி. நாங்கள் சிரித்த மூச்சு. திரவம் அத்தனையையும் குடித்திருக்கிறது. மறுநாள் பம்பைப் போட்டு, மிச்ச நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் பழைய குறிப்புப்படி நிறுத்திவிட்டேன். லேபிளில் 12 என்று இருந்ததால் அ-வைச் சோதிக்கவில்லை. நான் செய்தது என்பதால் ஆ-வைச் சோதிக்கவில்லை.

அந்தப் படத்தைப் பிய்த்து எடுக்கப் போனேன். முடியவில்லை. அதில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

நாள் 411, 14:00

கிழக்கு அலைவரிசையைத் திறந்தேன். ஏழு நாள் செய்திகள் சேர்ந்துகிடந்தன. மூன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நாள் 404:

> "மதினி, பூஜை அன்னைக்குப் பரஞ்சோதி அண்ணாச்சி எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாங்க. பம்பு லைட்டு எரியல அதுல. அன்னைக்கு நிறுத்தினீயளா? ரெண்டு கலனும் அதுலதான் இருந்துச்சா? அப்படின்னா கலன் ஆ-வ ஊத்தாதீய. கேக்குதா?"

நாள் 407:

> "பத்துன்னு அளந்ததாத் தரையில சொன்னாக, நிம்மதியா இருந்தேன். இன்னைக்குத்தான் யோசிச்சேன். ஒங்ககிட்ட குப்பி இருந்தா எனக்கு எதுக்கு ஒத்தக் குப்பிய அனுப்புவீய? அளக்காமத்தான் சொல்லியிருக்கீய. தரையில சொன்னா, அளந்தாச்சே, விடுங்கன்னுட்டாக. எங்கிட்ட டப்பாவுல ரெண்டு லிட்டர் மிச்சம், ஒரு அறையிலருந்து ரெண்டு எடுத்தேன். நாலு லிட்டர் ரேக்ளாவுல வருது. ராத்திரி எட்டு மணிக்கு ஒங்க வாசல்ல நிக்கும். சூரியன் போக அப்புறமும் பன்னெண்டு மணி நேரம் இருக்கு. ஆறாவது, ஏழாவது அறை காலியாத்தானே கெடக்கு. அதுல ஊத்தி ஏத்துங்க. அஞ்சு அறையத் தொடாதீய."

நாள் 408, நான் கேமராக்களை அணைப்பதற்குக் கொஞ்சம் முன்னால்:

> "வண்டி வாசல்லயே நிக்குது மதினி. வெளிய பாருங்க."

வெளிக் கேமராவைப் போட்டேன். விளக்கு வெளிச்சத்தில் வண்டி நிற்கிறது. அதன் மேல் ஒரு சின்ன டப்பா. லேபிள் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறான். "நீர் 12. சோதித்தது: நெல்லையப்பன்." பன்னிரண்டு மணி நேர வெயில் அதன் மேல் அடித்து ஓய்ந்திருக்கிறது. நான் உள்ளே மனுவுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது அதை உள்ளே எடுத்து வந்து ஊற்றினாலும் பயன் இல்லை. ஏற்றுவதற்கு வெயில் வேண்டும். அடுத்த வெயில் நாள் 423, அதிகாலை இரண்டு மணிக்கு.

நாள் 411, 16:30

அவனிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா நஞ்சென்று நினைத்துத்தான் அனுப்பினேன், நீங்கள் சாகவேண்டும் என்றுதான் அந்தப் பதிலைச் சொன்னேன், தம்பி. நூறு நாளைக்கு அப்புறம் தம்பி என்று வாயில் வந்தது.

> "தெரியும் மதினி. டப்பாவோட டெஸ்ட் பெட்டியும் வந்தப்பவே தெரிஞ்சுது. அதான் ஒக்காந்து டெஸ்ட் பண்ணினேன். நீங்க கதவ முழுசா மூடல. அது போதும் எனக்கு. இப்போ ஹீட்டரக் கொறைங்க. ஒரு அறைக்குள்ள மட்டும் இருங்க. நாள எண்ணாதீய."

நான் எண்ணிவிட்டேன். தேக்கி ஒன்றில் ஏழு நாள் இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் ஒன்பது. இரவு இன்னும் பதினொன்றரை நாள்.

நாள் 414, 09:00

சமையலறை, பணிக்கூடம் மூடியாகிவிட்டது. படுக்கை அறையில் 6 டிகிரி. மனுவை அழித்தேன்.

காலையிலும் மாலையிலும் தம்பி கூப்பிடுகிறான். பரஞ்சோதியின் கல்லூரிக் கதைகளைச் சொல்கிறான். சிலதை நான் கேட்டதே இல்லை. சிரித்தேன். புகை புகையாக மூச்சு வருகிறது. ஈரப்பதம் 63.

நாள் 417, 09:00

2 டிகிரி. கையுறையோடு எழுதுகிறேன். விரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

கலன் ஆ காலியாகத்தான் இருக்கிறது. லேபிளை உரித்து எடுத்துவந்து இந்தப் பதிவோடு வைத்திருக்கிறேன். உலர்ந்தது, தையல்நாயகி. அழகான கையெழுத்து எனக்கு. பள்ளியில் பரிசு வாங்கியது.

நாள் 419, 11:00

மைனஸ் 9. தேக்கி ஒன்று 6 சதவீதம்.

தம்பி கூப்பிட்டான். பேச வாய் வரவில்லை. பொத்தானை இரண்டு தரம் அமுக்கினேன், இருக்கிறேன் என்று. அவன் அழுதான் போல. மதினி, மதினி என்று

அந்தச் சொல் இப்போது எரியவில்லை.

நாள் 420

விசாரணைக் குழுவுக்கு.

காரணம் தெளிவாகவில்லை என்று எழுதியதைத் திருத்தவும். மூன்றாம் எண் டப்பா 12. நெல்லையப்பன் சோதித்தார். நெல்லையப்பன் மேல் பிழை இல்லை. பம்பை நிறுத்தியது நான். உலர்ந்தது என்று எழுதியது நான். அளக்காமல் 10 என்று சொன்னதும். பம்புக் கடிகாரம் சாட்சி, லேபிள் கூட இருக்கிறது

வாசலில் நாலு லிட்டர். நல்ல திரவம். அடுத்து வருபவருக்கு ஆகும்

பரஞ்சோதிக்கு. காரணமான கையைக் கண்டுபிடித்துவிட்டேன். என் வலது கை. குளிரில் விரல் கறுத்துவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்

சும்மா விடவில்லை